ஃபெயிலியர் என்று வருகிறது, பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது: நெட்வொர்க் பெட்டிகளில் ஜாவா ஜிசி லாக் படிக்கும் முறை

"ஏனுங்ணா, கன்ட்ரோலர் லாக்ல அலோகேஷன் ஃபெயிலியர்னு வரிசையா விழுகுதுங்க. மெமரி போயிருச்சுங்ளா? ரீஸ்டார்ட் போட்டுறட்டுங்ளா?"

"வேண்டாங்க தம்பி. மொதல்ல அந்த லாக்கைக் காப்பி எடுத்து வைங்க."

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் கம்பெனி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியோடுதான் ஜிசி (கார்பேஜ் கலெக்ஷன்: தேவையற்றதை ஜாவா தானே மெமரியிலிருந்து சுத்தம் செய்வது) லாக்கை முதன்முதலாகத் திறக்கிறார்கள். வைஃபை கன்ட்ரோலர், லாக் சேகரிக்கும் பெட்டி, நெட்வொர்க் மானிட்டரிங் சர்வர், எஸ்டிஎன் (நெட்வொர்க்கை சாஃப்ட்வேர் வழியாக இயக்கும்) கன்ட்ரோலர் என்று பல பெட்டிகளின் உள்ளே ஜாவாதான் ஓடுகிறது. யூனிஃபை கன்ட்ரோலர் ஜாவா, ஓப்பன்என்எம்எஸ் ஜாவா, ஓப்பன்டேலைட், ஓனோஸ் இரண்டும் ஜாவா, எலாஸ்டிக்சர்ச் வைத்துக் கட்டிய லாக் பெட்டிகளும் ஜாவாதான். வெளியே எந்த கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே வரும் ஜிசி வரிகளின் இலக்கணம் ஒன்றே.

அந்த வரிகள் திரையில் ரோமன் எழுத்தில் இருக்கும். இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம்.

கட்டிங் டேபிளும் குடோனும்

பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பீஸும் வேஸ்ட்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. மேசை நிரம்பியதும் நல்ல பீஸை மட்டும் பொறுக்கிப் பக்கத்து ட்ரேயில் வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்கள். வேஸ்ட் எவ்வளவு கிடந்தாலும் தள்ளுவதற்கு ஒரே வீச்சுதான். நேரம் பிடிப்பது நல்ல பீஸைப் பொறுக்குவதற்கு.

ஜாவாவின் யங் ஜெனரேஷனில் நடப்பதும் இதேதான். ஈடன் என்பது மேசை. சர்வைவர் என்பது ட்ரே. இரண்டு ட்ரேக்கள், மாற்றி மாற்றி. சில சுற்றுகள் தாண்டியும் (அதிகபட்சம் 15) தேவைப்படுகிற பொருள் (ப்ரோகிராம் மெமரியில் உருவாக்கும் ஆப்ஜெக்ட்) ஓல்டு ஜெனரேஷன் என்ற குடோனுக்குப் போகிறது. ட்ரேயில் இடமில்லாவிட்டால் வயதாகாத சரக்கும் நேராகக் குடோனுக்குப் போய்விடும். பிற்பாடு குடோன் சீக்கிரம் நிரம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேசையில் அடுத்த துணி விரிக்க இடமில்லை. "அலோகேஷன் ஃபெயிலியர்" என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். புதிய பொருளுக்கு ஈடனில் இடம் கிடைக்கவில்லை, அதனால் சுத்தம் செய்தேன் என்று ஜாவா சொல்கிறது. அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டால், சப்போர்ட்காரர் "நார்மல்" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார். அது நியாயமும்கூட.

ஃபுல் ஜிசி வேறு ரகம். கதவைச் சாத்தி, எல்லா வேலையையும் நிறுத்தி, குடோன் முழுவதையும் எடுத்து அடுக்குவது.

எந்த ஜாவா, எந்த கலெக்டர்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வரியைப் படிக்கத் தொடங்காதீர்கள். 2017-இல் வந்த ஜாவா 9-இல் லாக்கின் வடிவமே மாறிவிட்டது. வரியில் வரும் பெயர்களே கலெக்டரை, அதாவது ஜாவா சுத்தம் செய்யும் முறையைக் காட்டிக்கொடுக்கும். "பிஎஸ்யங்ஜென்", "பார்ஓல்டுஜென்" என்றால் பேரலல்; ஜாவா 8-இல் சர்வர் தர இயந்திரத்துக்கு இதுதான் இயல்பு. "டெஃப்நியூ", "டென்யூர்டு" என்றால் சீரியல். "பார்நியூ", "சிஎம்எஸ்" என்றால் சிஎம்எஸ். இது ஜாவா 14-இல் (2020) நீக்கப்பட்டுவிட்டது. "ஜி1" என்றால் ஜி1தான். ஜாவா 9 முதல் இதுவே இயல்பு.

இங்கே ஒரு பொறி உண்டு. சிக்கனத்துக்காக விஎம்-க்கு (சர்வருக்குள் ஓடும் வர்ச்சுவல் மெஷினுக்கு) ஒரே ஒரு சிபியு கொடுத்திருப்பார்கள். இரண்டு சிபியுவும் கிட்டத்தட்ட 2 ஜிபி மெமரியும் இல்லாத இயந்திரத்தை ஜாவா சர்வராகவே மதிப்பதில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சீரியல் கலெக்டரைத் தேர்ந்துவிடும். ஒரே ஆள் குடோன் முழுவதையும் அடுக்குகிற கதை. "டெஃப்நியூ" கண்ணில் பட்டால் எதையும் தேடுவதற்கு முன் விஎம்-க்கு இரண்டாவது சிபியு கொடுங்கள்.

இன்னொன்று. பெட்டியில் ஜாவா 8-இலிருந்து 11-க்கு மேம்படுத்திய பிறகு சர்வீஸ் எழவே மாட்டேன் என்றால், பழைய லாக் ஃபிளாக்குகளைப் பாருங்கள். "பிரின்ட்ஜிசிடேட்ஸ்டாம்ப்ஸ்", "யூஸ்ஜிசிலாக்ஃபைல்ரொட்டேஷன்" இரண்டையும் புதிய ஜாவா அடையாளம் தெரியாத ஆப்ஷன் என்று சொல்லி ஸ்டார்ட் ஆகாமலே நின்றுவிடும்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

ஜாவா 8, பேரலல் கலெக்டர்:

84213.407: [ஜிசி (அலோகேஷன் ஃபெயிலியர்) [பிஎஸ்யங்ஜென்: 276480கே->9216கே(305664கே)] 612352கே->346112கே(1005056கே), 0.0384 செகண்ட்] [டைம்ஸ்: யூசர்=0.11 சிஸ்=0.00, ரியல்=0.04 செகண்ட்]

முதல் எண், ஜாவா எழுந்து எத்தனை செகண்ட் ஆயிற்று என்பது. 84213 என்றால் 23 மணி 23 நிமிடம். அடைப்புக்குள் காரணம். அதன் பிறகு அம்புக்கு இடப்பக்கம் சுத்தம் செய்வதற்கு முன், வலப்பக்கம் பின், கடைசி அடைப்பில் மொத்தக் கொள்ளளவு. முதல் கூட்டம் யங் மட்டும். இரண்டாவது கூட்டம் மொத்த ஹீப், அதாவது யங்கும் ஓல்டும் சேர்ந்த மெமரி. ஓல்டு எவ்வளவு என்று இந்த வரி நேரடியாகச் சொல்வதில்லை. கழித்துத்தான் எடுக்க வேண்டும், அந்தக் கழித்தலில்தான் விஷயமே இருக்கிறது.

முன்: 612352 − 276480 = 335872.
பின்: 346112 − 9216 = 336896.
வித்தியாசம் 1024 கே. அதாவது இந்தச் சுற்றில் 1 எம்பி சரக்கு குடோனுக்குப் போனது.

ஓல்டின் கொள்ளளவு 1005056 − 305664 = 699392 கே, சுமார் 683 எம்பி. அதில் 48 சதவீதம் நிறைந்திருக்கிறது. மீதி 354 எம்பி. இந்த மாதிரி வரி 20 செகண்டுக்கு ஒருமுறை வருகிறது என்றால் நிமிடத்துக்கு 3 எம்பி, மணிக்கு 180 எம்பி குடோனுக்குப் போகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஃபுல் ஜிசி வரும். ஒரே வரியும் ஒரு இடைவெளியும் இருந்தால் இவ்வளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஜாவா 9-க்குப் பிறகு ஜி1 வரி இப்படி இருக்கும்:

[84213.407எஸ்][இன்ஃபோ][ஜிசி] ஜிசி(1872) பாஸ் யங் (நார்மல்) (ஜி1 எவாக்குவேஷன் பாஸ்) 655எம்->214எம்(1024எம்) 18.442எம்எஸ்

1872 என்பது சுற்றின் எண். ஒரே எண் கொண்ட வரிகள் எல்லாம் ஒரே சுற்றைச் சேர்ந்தவை. "பாஸ்" (நிறுத்தம்) என்று தொடங்கும் வரியில்தான் வேலை நின்றது. "கன்கரன்ட்" என்று தொடங்குவதில் வேலை ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே 900 மில்லிசெகண்ட் என்று இருந்தாலும் கவலை வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பெட்டி ஒரு செகண்ட் நின்றது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் நிறைய.

கடைசி அடைப்பு: யூசர், சிஸ், ரியல்

யூசர், சிஸ் இரண்டும் சிபியு உழைத்த நேரம் (ஜாவாவுக்குள், லினக்ஸுக்குள்). ரியல் என்பது கடிகார நேரம். மேலே கண்ட வரியில் யூசர் 0.11, ரியல் 0.04. மூன்று பேர் சேர்ந்து செய்ததால் கடிகார நேரம் மூன்றில் ஒரு பங்கானது. இது ஆரோக்கியம்.

ரியல், யூசரையும் சிஸ்ஸையும் கூட்டியதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் ஜாவாவைக் குறை சொல்லாதீர்கள். யூசர் 0.15, சிஸ் 0.02, ரியல் 4.80 என்று வந்தால், வேலை 0.17 செகண்டுக்குத்தான் இருந்தது. மிச்ச நேரம் முழுக்கக் காத்திருந்தது. எதற்காக? பெரும்பாலும் ஸ்வாப், அதாவது மெமரி போதாமல் டிஸ்குக்குத் தள்ளியது. ஃபுல் ஜிசி உயிருள்ள பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும்; அதில் பாதி டிஸ்கில் கிடந்தால் ஒவ்வொன்றாக மேலே வர வேண்டும். அடுத்த சந்தேகம் ஹோஸ்ட் (விஎம்-கள் ஓடும் சர்வர்): ஒரே சர்வரில் இஆர்பி, டேலி, கேமரா ரெக்கார்டிங், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தால் சிபியு முறை வருவதற்கே காத்திருக்கும். கன்ட்ரோலர் விஎம்-இன் மெமரியை ஹோஸ்ட்டில் முழுமையாக ரிசர்வ் செய்துவிடுங்கள். ஹீப்பைக் கூட்டினால் ஸ்வாப் கூடி நிலைமை இன்னும் மோசமாகும்.

அடைப்புக்குள் வரும் காரணம்

எல்லாக் காரணங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிலவற்றுக்குத்தான் உடனே எழுந்திருக்க வேண்டும்.

"எர்கோனாமிக்ஸ்" என்று ஃபுல் ஜிசி வந்தால், குடோன் நிறைந்துவிடும் என்று பேரலல் கலெக்டர் தானே முடிவெடுத்தது. எப்போதாவது வந்தால் சரி. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் சரியல்ல.

"மெட்டாடேட்டா ஜிசி த்ரெஷோல்டு" பெட்டி எழுந்த முதல் சில நிமிடங்களில் ஒன்றிரண்டு வருவது இயல்பு, கிளாஸ்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. வாரக்கணக்கில் ஓடிய பிறகும் வந்தால் எங்கோ கிளாஸ் கசிகிறது.

"சிஸ்டம்.ஜிசி" அச்சு மாதிரி 3600 செகண்டுக்கு ஒருமுறை வருகிறதா? அது ஆர்எம்ஐ, ஒரு ஜாவா இன்னொரு ஜாவாவை நெட்வொர்க் வழியாக அழைக்கும் வசதி. தூரத்துப் பொருள்களைச் சுத்தம் செய்ய ஜாவாவே வைத்திருக்கும் ஒரு மணி நேர இடைவெளி. ஜி1 என்றால் "எக்ஸ்ப்ளிசிட்ஜிசிஇன்வோக்ஸ்கன்கரன்ட்" போட்டால் நீண்ட நிறுத்தம் இல்லாமல் போகும். "டிசேபிள்எக்ஸ்ப்ளிசிட்ஜிசி" போட்டு ஒரேயடியாக நிறுத்தலாமே என்று தோன்றும். நெட்வொர்க் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். பாக்கெட் கையாளும் லைப்ரரிகள் ஹீப்புக்கு வெளியே டைரக்ட் பஃபர் எடுக்கின்றன. அவற்றை விடுவிக்க ஜாவா நம்பியிருப்பது இந்த அழைப்பைத்தான். நிறுத்திவிட்டால், ஹீப் காலியாக இருக்கும்போதே டைரக்ட் பஃபர் மெமரி இல்லை என்று பெட்டி விழும்.

"ஹீப் இன்ஸ்பெக்ஷன் இனிஷியேட்டட் ஜிசி" வந்தால் யாரோ ஜேமேப் (மெமரியில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ஜாவா கருவி) ஹிஸ்டோகிராமை லைவ் என்ற ஆப்ஷனோடு ஓட்டியிருக்கிறார்கள். ஷிப்ட் நடுவில் அதை ஓட்டாதீர்கள்.

சிஎம்எஸ் இருக்கும் பழைய பெட்டிகளில் "கன்கரன்ட் மோட் ஃபெயிலியர்", "ப்ரொமோஷன் ஃபெயில்டு" இரண்டும் உண்மையான ஃபெயிலியர். பின்னணியில் குடோனைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது, அல்லது இடம் இருந்தும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உடனே ஒற்றை ஆள் ஃபுல் ஜிசி வரும், செகண்ட் கணக்கில் நிற்கும்.

ஜி1-இல் அதற்கு இணையானது "டு ஸ்பேஸ் எக்ஸாஸ்டட்". பொறுக்கிய பீஸை வைக்க ட்ரே இல்லை. அதை ஒட்டி "பாஸ் ஃபுல்" வந்தால் ஹீப் போதவில்லை. "ஜி1 ஹ்யூமங்கஸ் அலோகேஷன்" அடிக்கடி வந்தால், ஒரு ரீஜனில் (ஜி1 ஹீப்பைப் பிரிக்கும் சம அளவுத் துண்டு) பாதிக்கு மேல் அளவுள்ள பொருள்கள் வருகின்றன. ரீஜன் 1 எம்பி என்றால் 512 கேபி பொருளே ஹ்யூமங்கஸ். முழு கான்ஃபிக் பேக்கப், பெரிய எஸ்என்எம்பி வாக் (ஒரு பெட்டியின் விவரங்களை மொத்தமாகக் கேட்டு வாங்குவது), ஃபர்ம்வேர் இமேஜ் இவையெல்லாம் அந்த ரகம். ரீஜன் அளவை 4 அல்லது 8 எம்பி ஆக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நின்றால் யாருக்கு வலிக்கும்

200 மில்லிசெகண்ட் நின்றது. அதனால் என்ன? பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. வைஃபை கன்ட்ரோலர் இரண்டு செகண்ட் நின்றாலும், ட்ராஃபிக்கை ஆக்சஸ் பாயின்ட்டே நேராக ஸ்விட்சுக்கு அனுப்பும் அமைப்பில் ஏற்கெனவே இணைந்த போன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் லாகின் பக்கம்தான் சுற்றும். ரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கும்) பெட்டி ஜாவாவில் இருந்தால் கதை வேறு: கேட்கும் ஸ்விட்சின் டைம்அவுட்டைவிட நிறுத்தம் நீண்டால் அது மறுபடி கேட்கும், வேலை இரட்டிக்கும். ஓஎஸ்பிஎஃப் (ரூட்டிங் நெறிமுறை) பேசும் பெட்டிக்கு ஹலோ 10 செகண்ட், டெட் டைம் 40 செகண்ட், நல்ல அவகாசம். விஆர்ஆர்பி (ஒரு பெட்டி மாஸ்டர், மற்றது அதற்கு மாற்று) ஒரு செகண்ட் அட்வர்டைஸ்மென்ட் என்றால் மூன்று செகண்டுக்குச் சற்று மேல் நின்றாலே மாஸ்டர் பதவி பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடும், பிறகு திரும்பி வரும். லாக்கில் ஃபெயில்ஓவர் என்று இருக்கும். காரணம் ஜிசி லாக்கில் இருக்கும்.

மிக மோசமாக ஏமாற்றுவது சிஸ்லாக் (மற்ற பெட்டிகளின் லாக்கைச் சேகரிக்கும்) பெட்டி. போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யுடிபி-யில் வரும் லாக்கை வாங்கும் ஜாவா நின்றிருக்கும்போது பாக்கெட்டுகள் கெர்னலின் ரிசீவ் பஃபரில் குவிகின்றன. லினக்ஸின் இயல்பான அளவு 212992 பைட். கெர்னல் கணக்கில் சில நூறு செய்திகளுக்குத்தான் இடம். வினாடிக்கு 1000 செய்தி வரும் இடத்தில் இரண்டு செகண்ட் நின்றால் 2000 வந்திருக்கும். மிச்சம் எல்லாம் ஓசையில்லாமல் விழுந்துவிடும். எந்த எரரும் வராது. நெட்ஸ்டாட் யுடிபி புள்ளிவிவரத்தில் "ரிசீவ் பஃபர் எரர்ஸ்" எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஜிசிக்குப் பிறகு அது கூடியிருந்தால் லாக் தொலைந்திருக்கிறது.

நேரத்தை ஒப்பிடும்போது ஒன்று. பல பெட்டிகள் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) எழுதும். காலை 8 மணி ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே வந்து நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் இணையும் கூட்டம், லாக்கில் 2:30 என்று இருக்கும். நள்ளிரவில் என்ன லோடு என்று குழம்ப வேண்டாம், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தரைமட்டம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபுல் ஜிசி முடிந்த பின் ஓல்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதை மட்டும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அதுதான் தரைமட்டம், பெட்டிக்கு உண்மையில் தேவைப்படும் மெமரி. இடையில் ஏறி இறங்குவது வெறும் வேஸ்ட்.

683 எம்பி ஓல்டு உள்ள பெட்டி ஒன்றில் திங்கள் 212, செவ்வாய் 214, புதன் 211 என்றால் பயன்பாடு 90 சதவீதம் வரை ஏறி இறங்கினாலும் நிம்மதியாகத் தூங்கலாம். டாஷ்போர்டு சிவப்பு காட்டும், காட்டட்டும். இன்னொன்றில் திங்கள் 212, செவ்வாய் 268, புதன் 325, வியாழன் 381. டாஷ்போர்டு பச்சை. ஒரு நாளைக்கு 56 எம்பி வீதம் கசிகிறது. மிச்சம் 302 எம்பி, ஐந்து நாளைக்குக் கொஞ்சம் மேல். அடுத்த செவ்வாய் பெட்டி மண்டியிடும், அதற்கு முன்பே ஃபுல் ஜிசி நெருங்கி நெருங்கி வரத் தொடங்கும்.

கடைசிக் கட்டத்தில் "ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடட்" வரும். நேரத்தில் 98 சதவீதம் சுத்தம் செய்வதிலேயே போய், ஹீப்பில் 2 சதவீதம்கூட மீளவில்லை என்றால் பேரலல் கலெக்டர் கைவிரித்துவிடும். அதற்கு முன்பே வாட்ச்டாக் பெட்டியை ரீஸ்டார்ட் செய்துவிடுவதும் உண்டு: ஜாவா சர்வீஸ் ராப்பர் இயல்பாக 30 செகண்ட் பதில் வராவிட்டால் ஜாவா தொங்கிவிட்டது என்று முடிவுகட்டும். "தானாக ரீபூட் ஆகிறது, பவர் பிரச்சனையாக இருக்கும்" என்று யுபிஎஸ்ஸை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இங்கே கரன்ட் போய் வருவதால் அந்த நினைப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது.

தரைமட்டம் நிலையாக இருந்து, ஆனால் கொள்ளளவில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கசிவில்லை, ஹீப் சிறிது. ஆக்சஸ் பாயின்ட் 20-இலிருந்து 60 ஆகியிருக்கும், எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப்பின் உச்ச அளவு) பழையபடி இருக்கும். கூட்டுங்கள், ஆனால் பெட்டியின் மெமரி முழுவதையும் ஹீப்புக்குக் கொடுக்காதீர்கள். மெட்டாஸ்பேஸ் (கிளாஸ்கள் இருக்கும் இடம்), டைரக்ட் பஃபர், த்ரெட் ஒன்றுக்கு 1 எம்பி ஸ்டாக், பக்கத்தில் ஓடும் டேட்டாபேஸ் எல்லாம் வெளியே இருக்கின்றன. 4 ஜிபி பெட்டியில் ஹீப் 2 ஜிபியைத் தாண்டாமல் தொடங்குவது எங்கள் வழக்கம். மீறினால் லினக்ஸே ஜாவாவைக் கொன்றுவிடும். அப்போது ஜிசி லாக்கில் எந்தப் புகாரும் இருக்காது, நடு வரியில் அறுந்திருக்கும். காரணம் டிமெசேஜில் (லினக்ஸ் கெர்னலின் லாக்) "கில்டு பிராசஸ்" என்று இருக்கும்.

தரைமட்டம் நாளுக்கு நாள் ஏறினால் ஹீப்பைக் கூட்டுவது நாள் தள்ளுவதுதான். திருத்த வேண்டியது தயாரித்தவர்கள்.

ரீஸ்டார்ட்டுக்கு முன்

ஜாவா 8-இல் ரொட்டேஷன் அமைக்காமல் இருந்தால், சர்வீஸ் மறுபடி எழும்போது அதே பெயரில் புதிய ஜிசி லாக்கைத் திறக்கும். பழையது அழிந்தது அழிந்ததுதான். ஆகவே முதலில் ஜிசி லாக்கை வேறு டைரக்டரிக்குக் காப்பி எடுங்கள். பெட்டியில் ஷெல் கிடைத்து ஜேஸ்டாட்டும் (ஜிசி நிலவரம் காட்டும் ஜாவா கருவி) இருந்தால், ஜிசியூட்டில் ஆப்ஷனோடு 5000 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஐந்து நிமிடம் ஓட்டிச் சேமியுங்கள். அதில் "ஓ" என்ற நிரல்தான் ஓல்டு சதவீதம், "எஃப்ஜிசி" என்பது ஃபுல் ஜிசி எண்ணிக்கை. ஷெல் பூட்டியிருந்தால் சப்போர்ட் பண்டிலை டவுன்லோட் செய்யுங்கள், உள்ளே ஜிசி லாக் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சில பெட்டிகளில் இருப்பதில்லை.

டிக்கெட்டில் "அலோகேஷன் ஃபெயிலியர் வருகிறது" என்று எழுதாதீர்கள். ஃபுல் ஜிசிக்குப் பின் ஓல்டு நான்கு நாளில் எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆனது, மிக நீண்ட நிறுத்தம் எத்தனை செகண்ட், அப்போது யூசர், சிஸ், ரியல் என்ன, ஜாவா பதிப்பும் கலெக்டரும் எவை, நேரம் யுடிசியா ஐஎஸ்டியா என்று எழுதுங்கள். அதன் பிறகு, மதிய ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்து, ரீஸ்டார்ட் போடுங்கள்.